பாட்டு வேண்டும், பாடியவள் வேண்டாம்

என் ஆயா தன் வாழ்நாளில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்த படங்கள் பத்தைத் தாண்டாது. தறி வீட்டுப் பெண்களுக்குப் பகலில் ஓய்வு கிடையாது. இரவிலும் விளக்கடியில் உட்கார்ந்து தார் சுற்ற வேண்டும். அந்தப் பத்தில் ஒன்று ‘கலை அரசி’. 1963இல் வந்த எம்.ஜி.ஆர். படம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனார்களாம். கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

நான் கல்லூரியில் படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். வேற்றுக் கிரகத்தாரின் உடையையும் அவர்களுடைய விண்கலத்தையும் பார்த்து நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆயா சிரிக்கவில்லை. படம் முடிந்ததும், “பாட்டுக்காகத்தானே அவளத் தூக்கிட்டுப் போனானுங்க? நம்ம ஊர்ல மட்டும் வேற என்ன நடந்துச்சாம்?” என்று கேட்டுவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டாள்.

அந்தக் கேள்வி எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. வேற்றுக் கிரகத்தாரைக் காட்டி மனிதர்களின் ஒதுக்கலைப் பேசும் படங்களைப் பின்னாளில் தேடித் தேடிப் பார்த்ததற்கும், எங்கள் ஊரின் வரலாற்றை வேறு கண்ணோடு படித்ததற்கும் அந்தக் கேள்விதான் காரணம்.

பாடகியைத் தேடி வந்த கிரகம்

இந்தியத் திரையில் வேற்றுக் கிரகத்தார் தோன்றிய முதல் படங்களில் ஒன்று ‘கலை அரசி’. இயக்கியவர் ஏ. காசிலிங்கம். கதை எளிமையானது. அறிவியலில் பூமியைவிட முன்னேறிய ஒரு கிரகம். ஆனால் அங்கே கலை இல்லை. சிறந்த பாடகியைத் தேடிப் பூமிக்கு வருகிறார்கள். நிலமும் செல்வமும் உள்ள வீட்டுப் பெண்ணான வாணியைக் கடத்திப் போகிறார்கள். வாணியைக் காதலிக்கும் ஏழை உழவன் மோகன் அந்தக் கிரகத்துக்கே போய் அவளை மீட்டு வருகிறான். வாணியாக நடித்தவர் பானுமதி.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மோகனுக்கும் வாணிக்கும் நடுவில் நிற்கும் தடை. படம் அதைப் பணம் என்கிறது. அந்தக் காலத் தமிழ்ப் படங்கள் பலவற்றில் சாதி, ‘ஏழை–பணக்காரன்’ என்ற வேடத்தில்தான் உள்ளே வரும். பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, வாணியைப் போலவே தோற்றமுள்ள வள்ளி. மனநிலை பாதிக்கப்பட்ட ஏழைப் பெண். அந்த வேடமும் பானுமதிக்கே. வாணி காணாமல் போன பிறகு வள்ளியையே வாணி என்று வீட்டார் நம்புகிறார்கள். சொத்துக்காக வாணியை மணக்க நினைப்பவனுக்கு, எதிரே நிற்பது அந்த முகமாக இருந்தால் போதும். வேற்றுக் கிரகத்துக்கு வாணியின் குரல் தேவை. பூமிக்கு அவளுடைய உடலும் சொத்தும் தேவை. வாணிக்கு என்ன தேவை என்று இரண்டு உலகத்திலும் ஒருவரும் கேட்கவில்லை.

இதை நடித்துக் கொடுத்த பானுமதி யார் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தன் பாட்டைத் தானே பாடியவர். படப்பிடிப்புக் கூடத்தை நடத்தியவர். 1953இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, இந்தி என மூன்று மொழிகளில் இயக்கியவர். அப்படிப்பட்டவர் திரையில் தூக்கிச் செல்லப்பட்டுப் பிறகு மீட்டு வரப்படுகிறார். அதே 1963 ஜூனில் சோவியத் நாட்டின் வாலண்டினா தெரஷ்கோவா தனியாக விண்வெளிக்குப் போனார். தமிழ்த் திரையிலோ பெண் கடத்தப்பட்டால்தான் விண்வெளியைப் பார்க்க முடிந்தது.

பொருள் வேண்டும், ஆள் வேண்டாம்

மேற்கத்தியப் படங்களில் பல இதைத் திருப்பிப் போட்டவை. அவற்றில் வேற்றுக் கிரகத்தார் வல்லவர்கள் அல்ல. வந்த இடத்தில் ஒதுக்கப்படுகிறவர்கள். 1984இல் ஜான் செய்ல்ஸ் எடுத்த ‘தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானட்’ படத்தில், தன் கிரகத்து அடிமைத்தனத்திலிருந்து தப்பிய ஒருவன் நியூயார்க்கில் வந்து விழுகிறான். கறுப்பு நிறத்தவன், வாய் பேசாதவன். ஹார்லெமில் அவனை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவன் கைபட்டால் பழுதான இயந்திரம் ஓடும் என்று தெரிந்ததும் வேலையும் கிடைக்கிறது. சுரங்க ரயிலில் ஓர் இளைஞன் அவனிடம், “வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரையும் இப்போது மறைய வைக்கிறேன் பார்” என்கிறான். வண்டி அடுத்த நிலையத்தில் நிற்கிறது. வெள்ளையர் எல்லாரும் இறங்கிப் போகிறார்கள். அதற்கு மேல் வண்டி போவது ஹார்லெமுக்கு. மந்திரமும் இல்லை, சட்டமும் இல்லை. யார் எங்கே இறங்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பேருந்திலும் அப்படி ஒரு நிறுத்தம் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த நீல் ப்ளோம்காம்ப் 2009இல் எடுத்த ‘டிஸ்ட்ரிக்ட் 9’ இன்னும் கடுமையானது. 1982இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் மேலே ஒரு விண்கலம் வந்து நிற்கிறது. அதில் பசியால் வாடிய லட்சக்கணக்கான உயிர்கள். இறக்கி ஒரு முகாமில் அடைக்கிறார்கள். மனிதர்கள் அவர்களை ‘இறால்’ என்று இழிவாகக் கூப்பிடுகிறார்கள். ‘மனிதருக்கு மட்டும்’ என்று பலகைகள் முளைக்கின்றன. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, ஊருக்கு வெகுதூரத்திலுள்ள இன்னொரு முகாமுக்கு எல்லாரையும் மாற்ற ஒரு நிறுவனம் வருகிறது.

படத்தின் பெயருக்குப் பின்னால் உண்மையான ஓர் இடம் இருக்கிறது. கேப் டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்ற பல இனத்தவர் சேர்ந்து வாழ்ந்த பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் உரியதாக அறிவித்தார்கள். 60,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து அகற்றப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன.

சில ஆண்டுகளாகக் காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவிகளோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். மாதம் ஒரு புத்தகம், அல்லது ஒரு படம். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ போட்ட அன்று, ஒரு காட்சியில் ஒரு பெண் நிறுத்தச் சொன்னாள். அதிகாரி வீடு வீடாகப் போய்க் காலி செய்யும் நோட்டீசில் கையெழுத்து வாங்குகிறான். ஒருவன் கோபத்தில் காகிதத்தைத் தட்டிவிடுகிறான். அதில் பட்ட கீறலையே கையெழுத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். “எங்க அம்மாகிட்டயும் இப்படித்தான்க்கா கைநாட்டு வாங்கினாங்க. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாரும் படிச்சுக் காட்டல” என்றாள். ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. அங்கிருந்து அவள் அம்மா வீட்டு வேலைக்குப் போய்வர இரண்டு பேருந்து மாற வேண்டும். அவர்களுடைய குடிசைதான் ஊருக்கு வேண்டாததாக இருந்தது. அவள் அம்மாவின் கை ஊருக்கு இன்றும் வேண்டும்.

அங்கேதான் ஆயாவின் கேள்வி எனக்குத் திறந்தது. படத்தில் அந்த நிறுவனம் முகாமைச் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம், வேற்றுக் கிரகத்தாரின் ஆயுதங்கள். அவர்களுடைய உடல் தொட்டால்தான் அவை இயங்கும். ஆயுதம் வேண்டும், அதை இயக்கும் உடல் வேண்டாம். ஒதுக்கல் என்றால் தள்ளிவைப்பது என்று மட்டும்தான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒதுக்கலுக்குள்ளே ஒரு எடுத்துக்கொள்ளலும் இருக்கிறது. ஆளைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த ஆளின் கையிலும் குரலிலும் இருப்பதை எடுத்துக்கொள்வது.

அந்தப் படத்தின் மீது எனக்குக் குறையும் உண்டு. முகாமில் அடைபட்டவர்களில் பெண் யார் என்றே தெரியாது. தந்தையும் மகனும் வருகிறார்கள். அந்தப் பிள்ளையின் தாயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அவர்களுடைய முட்டைகள் இருக்கும் குடிசையைக் கொளுத்திவிட்டு, அவை சோளம் பொரிவதுபோல் வெடிக்கும் ஓசையைக் கேட்டு அதிகாரி சிரிக்கிறான். ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைப்பேற்றின் மேல் கைவைப்பதைப் படம் இவ்வளவு கூர்மையாகக் காட்டிவிட்டு, பெற்றவளைக் காட்டாமல் போகிறது. மனிதர்களிலோ நைஜீரியர்களைக் குற்றக் கும்பலாகவும் அவர்களுடைய பெண்களைப் பாலியல் தொழில் செய்பவர்களாகவும் காட்டியது. நைஜீரிய அரசு எதிர்த்துத் திரையிடலை நிறுத்தச் சொன்னது. வெறுப்பை எதிர்க்கும் கதையும் தன் பங்குக்கு இன்னொருவரைக் கீழே வைக்கக்கூடும்.

காஞ்சி, 1925

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி. கல்யாணசுந்தரனார் தலைமையில் தமிழ்நாடு காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதற்குச் சற்று முன்புதான் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி வைத்தது பெரும் சச்சரவாகியிருந்தது. காஞ்சி மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் கொடுக்கவில்லை. ஈ.வெ.ரா. வெளியேறினார். தமிழக அரசியலின் திருப்பம் என்று இதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

அதே 1925இல், அதே காஞ்சிபுரத்தில், ஓர் அம்மன் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி முதன்முதலாக ஆடினாள். வீணை தனம்மாளின் பேத்தி, பின்னாளில் உலகம் போற்றிய தஞ்சாவூர் பாலசரஸ்வதி. இந்த அரங்கேற்றத்தைப் பள்ளியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டும் ஒரே வரலாறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, எந்தப் பந்தியில் யார் உட்காரலாம் என்ற சண்டை. மற்றது, ஆட்டத்தைக் கோயிலும் ஊரும் ரசித்த, ஆனால் ஆடியவளைத் தங்கள் பந்தியில் உட்கார வைக்காத ஏற்பாடு.

இந்த ஏற்பாடு மிகப் பழையது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். அவர்கள் பெயர், வந்த கோயில், தெரு, வீட்டின் வரிசை, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கு எல்லாம் கல்லில் இருக்கின்றன. அதைக் கடத்தல் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வீடும் வருவாயும் மதிப்பும் இருந்தன. ஆனால் அவ்வளவும் வெட்டப்பட்ட அந்தக் கல்லில் அவர்கள் வர விரும்பினார்களா என்ற செய்தி மட்டும் இல்லை.

காஞ்சிபுரத்துக்கும் அப்படி ஒரு பாடகி மரபு உண்டு. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் தன் சகோதரி காமாட்சி அம்மாளோடு பாடிப் புகழ்பெற்றவர். காமாட்சி அம்மாளின் மகன்தான் காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934). லயத்தில் பெரும் புலமை கொண்டவர் என்று சங்கீத உலகம் இன்றும் பேசுகிறது. தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிக்கு வந்து அவரிடம் கற்றார்கள். மகனின் பெயர் நிலைத்த அளவுக்கு அவரைப் பெற்றவளின் பெயரும் பெரியம்மாவின் பெயரும் நிலைக்கவில்லை.

அதே ஊரில் 1919இல் டி.கே. பட்டம்மாள் பிறந்தார். பிராமண வீட்டுப் பெண்கள் மேடையேறிப் பாடுவது வழக்கமில்லாத காலத்தில் ஏறிப் பாடியவர். அவரும் ஒரு சுவரைத் தாண்டியவர்தான். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் நடந்ததைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார். 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறி ஆடினார். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கலை ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குக் குடிபோனது. போன இடத்தில் அதற்கு மாலை மரியாதை கிடைத்தது. அதுவரை அதைக் காத்துவந்த பெண்கள் பலர் தங்கள் பிள்ளைகளிடம்கூடத் தாங்கள் ஆடியதைச் சொல்லவில்லை.

சட்டம் தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறியாத வயதுக் குழந்தைக்குப் பொட்டுக் கட்டியது கொடுமை. அதை எதிர்த்து எழுதியவர்களில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்வை உள்ளிருந்தே அறிந்தவர். 1936இல் அவருடைய நாவல் வந்தது. அதே சமூகத்தைச் சேர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் சட்டத்தை எதிர்த்தார். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியவர் அவர். ஆராதனையில் பெண்கள் பாட அப்போது இடமில்லை. பணம் உள்ளே போனது, குரல் வெளியே நின்றது. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகவே ஆராதனை நடத்திக் காட்டினார். இரண்டு பெண்களும் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். தங்களைப் பற்றித் தாங்களே பேச வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

கொட்டகைச் சுவர்

ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவைப் பற்றி 1981இல் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து கலை பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட் விலை. கோயில் நுழைவுக்கு 1939 வரையும் அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்த நாட்டில் இது சிறிய மாற்றமல்ல.

இந்தக் கருத்தை நான் ஆயாவிடம் எளிமையாகச் சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினாள். “தரை டிக்கெட்ல யார் வேணா உக்காரலாம். ஆனா காலனிப் பொம்பளைங்க கடைசியில உக்காருவாங்க.” ஏன் என்று கேட்டேன். “யாரும் சொல்ல மாட்டாங்க. அவங்களாவே தள்ளி உக்காந்துப்பாங்க” என்றாள்.

‘அவங்களாவே.’ ஹார்லெம் ரயிலிலிருந்து வெள்ளையர் தாங்களாகவே இறங்கியதைப் போல, இவர்கள் தாங்களாகவே தள்ளி உட்கார்ந்தார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிந்த சுவர். பெண்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுவர். தன் குடும்பத்துப் பெண்ணின் பாட்டு பறிபோனதை அறிந்த ஆயாவுக்கு, அந்தச் சுவர் சுவராகவே தோன்றவில்லை. நெசவாளர் தெருவில் பிறந்த எனக்கும் வெகுநாள் தோன்றவில்லை. அந்தக் கடைசி வரிசைப் பெண்களுக்குக் ‘கலை அரசி’யின் வேற்றுக் கிரகத்தாராக நாங்கள்தான் தெரிந்திருப்போமோ என்று இப்போது நினைக்கிறேன்.

2014இல் வந்த ‘பிகே’ இந்திப் படத்தில் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவன், பிறந்த குழந்தையின் உடம்பில் மதத்தின் முத்திரை எங்கே குத்தியிருக்கிறது என்று தேடுகிறான். அரங்கமே சிரித்தது. சாதியின் முத்திரையை அவன் தேடவில்லை. தேடியிருந்தால் எல்லாரும் சிரித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

தறியும் பாட்டும்

‘தன் குடும்பத்துப் பெண்’ என்று மேலே எழுதினேன். ஆயாவின் பெரியம்மாவைத்தான் சொன்னேன். சிறுவயதில் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்டவர். நன்றாகப் பாடுவாராம். சட்டம் வந்த பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்தார், வீடு சேர்க்கவில்லை. கல்யாணம் காட்சிக்கு அழைக்கவில்லை. கடைசிக் காலத்தில் வேறு ஊரில் இறந்தார். அவருடைய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டு நலங்குப் பாட்டு அவர் பாடியது. நான்கு தலைமுறையாக எந்தக் கல்யாணத்திலும் அது விட்டுப்போனதில்லை.

ஆயாவின் சொந்தக் கதையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய, தறியில் இருப்பவரோடு இன்னொருவரும் பக்கத்தில் இருந்து கரையின் நாடாவைப் போட வேண்டும். தாத்தாவோடு நாற்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவள் ஆயா. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும்போதும் அவள் கை இருந்தது. கூலி தாத்தாவின் பெயரில் வந்தது. நெசவாளர் என்று எழுதும் இடத்திலெல்லாம் தாத்தாவின் பெயர்தான் இருந்தது. ஆயாவின் பெயருக்கு எதிரே ‘வீட்டு வேலை’ என்று எழுதினார்கள்.

போன தை மாதம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். வாசிப்பு வட்டத்து மாணவிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இது யார் பாட்டு என்று ஒருத்தி கேட்டாள். நான் பெரிய ஆயாவின் பெயரைச் சொல்லி, அவர் கதையையும் சொல்லத் தொடங்கினேன். என் சித்தி கையைப் பிடித்து நிறுத்தினார். “கல்யாண வீட்டுல அந்தப் பேச்சு எதுக்கும்மா?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பயந்து சொன்னார்.

பிறகு சித்தியே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். பாட்டு கடைசி வரை நடந்தது. ஒரு சொல்லும் தவறவில்லை.